பத்தடித் தடம்

டெக்ஸாஸில் எங்கள் ஊரான ரிச்சர்ட்சனில் யார் வீட்டு வைஃபை நின்றாலும் முதல் போன் திருமூர்த்தி அண்ணனுக்குத்தான் போகும். போன் பண்ணாவிட்டாலும் அவரே வந்துவிடுவார். எங்கள் மகள் பிறந்தநாளுக்கு வந்தவர், பிரியாணித் தட்டைக் கையில் பிடித்தபடியே வீடு முழுக்க ரூட்டரைத் தேடினார். கண்டுபிடித்ததும், "யாருங்க இதை டிவிக்குப் பின்னால வெச்சது?" என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டார். வைத்தது என் கணவர் சிராஜ். இரண்டு பேரும் ஒரே ஆபீஸ். செல்போன் கோபுரங்களில் மாட்டும் ரேடியோப் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அண்ணன் சீனியர், சிராஜ் அவருக்குக் கீழே. அதனால் அவர் வரும்போதெல்லாம் எங்கள் ரூட்டர் இடம் மாறும். அவர் கார் தெருமுனை திரும்பியதும் நான் அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். அவர் சொன்ன இடத்தில் அது ஒரு நாளும் ஒழுங்காக ஓடியதில்லை.

இவ்வளவு தெரிந்த மனுஷர் தன் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கிய கதைதான் இது. சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

அவருக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். அமெரிக்காவில் எத்தனை வீடு வாங்கினாலும் அது அவருக்கு நிலம் ஆகாது. வேலி போட்டு அதன் நடுவில் நிற்க வேண்டும், அப்போதுதான் நிலம். ஆபீஸுக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்று ஆனதும் ரிச்சர்ட்சன் வீட்டை விற்றார். வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் டிரைவ் பண்ணினால் வருகிற ஒரு பட்டிக்காட்டில் பத்து ஏக்கர் வாங்கிக் குடிபோனார். மாடு இல்லை, பயிர் இல்லை. புல் இருந்தது, புல்லைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் போன எங்களுக்கு அவர் வீட்டைக் காட்டவே இல்லை. நாலு பக்க வேலியையும் சுற்றி நடக்க வைத்தார். என் புதுச் செருப்பின் வார் அன்றைக்கு அறுந்தது. அதையும் நான் மறக்கவில்லை.

வீட்டைக் காட்டியது அவர் மனைவி வான்மதி அக்கா. ஒரு சின்ன அறையைத் திறந்து, "இதுதான் என்ற ஆபீஸு கண்ணு" என்றார். மேஜை, லேப்டாப், ஹெட்செட், பின்னால் வெள்ளைத் திரை. அக்கா வீடியோ வழியாக மொழிபெயர்ப்பவர். எங்கோ ஒரு மருத்துவமனையில், இங்கிலீஷ் தெரியாத ஒரு தமிழ் அம்மா கட்டிலில் படுத்திருப்பார். பக்கத்தில் டாக்டர் நிற்பார். இரண்டு பேருக்கும் நடுவில் திரையில் அக்காவின் முகம். அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அக்கா கோயம்புத்தூரில் காலேஜில் பாடம் எடுத்தவர். கல்யாணமாகி இங்கே வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் பல வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். கிரீன் கார்டு வந்தபோது மகள் மாளவிகா ஹைஸ்கூல் முடிக்கும் வயசு. அதற்குப் பிறகு பரீட்சை எழுதிப் பிடித்த வேலை இது. அமெரிக்காவில் அக்காவுக்கு முதல் வேலை. சாதாரணமாக நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டார். ஹெட்செட்டை மாட்டினால் வேறு ஆள். யாழ்ப்பாணத்துக்காரர் பேசினாலும் புரியும், நாகூர்க்காரர் பேசினாலும் புரியும். எங்கள் ஆம்பூர்த் தமிழையே என்னிடம் கேட்டுக் கேட்டுப் படித்து வைத்திருந்தார். ஒரு தடவை என் மாமியாரோடு முழுசாக ஒரு மணி நேரம் போனில் பேசிவிட்டு, இனி ஆம்பூர்க்காரர் யார் வந்தாலும் பயமில்லை என்று சந்தோஷப்பட்டார்.

இந்த வேலைக்குக் கம்பெனி போட்ட ஒரே நிபந்தனை, வீட்டில் தரைவழி வருகிற கேபிள் இணைப்பு இருக்க வேண்டும் என்பது. ரிச்சர்ட்சனில் அது தானாகவே இருந்தது. பட்டிக்காட்டில்?

அங்கேயும் வந்தது. அதுதான் என் ஆத்திரம். அவர்கள் குடிபோன சில மாதங்களில், அந்தப் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கமே ஃபைபர் கேபிள் போட ஆரம்பித்தது. பெரிய ரோடு வரைக்கும் கேபிள் வந்துவிட்டது. அண்ணன் நிலத்துக்குப் பின்னால் அஞ்சாறு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கும் அண்ணனுக்கும் சேர்த்துக் கொடுக்க நேரான வழி அண்ணனின் வேலியோரம். சங்கத்து ஆள் வீடு தேடி வந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். வேலியை ஒட்டிப் பத்தடி அகலம். கேபிளைப் புதைக்கவும் பின்னால் பழுது பார்க்கவும் மட்டும் அனுமதி வேண்டும். நிலம் உங்களுடையதேதான், மேலே புல் வளரும், தோண்டியது கூடத் தெரியாது. உங்கள் வீட்டுக்கும் இணைப்பு வந்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் சொன்னவர் கடைசியில், "இட்ஸ் ஜஸ்ட் எ ரைட் ஆஃப் வே, சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த வார்த்தையில் எல்லாம் கெட்டது.

அவர் கேபிளுக்கு வழி கேட்டார். அண்ணன் காதில் தடம் என்று விழுந்தது. காங்கேயம் பக்கத்தில் தடம் என்றால் வண்டி போகிற பாதை. ஒருத்தன் காட்டுக்கு, அதாவது வயலுக்கு, போக இன்னொருத்தன் காட்டோரத்தில் விடுகிற வழி. அண்ணனின் அப்பா யாருக்கோ வாய்வார்த்தையாக மாட்டுவண்டிக்குத் தடம் விட்டாராம். மாட்டுவண்டி டிராக்டர் ஆகி, டிராக்டர் லாரி ஆகி, நிறுத்தப் போனால் வழி எங்கள் உரிமை என்றார்களாம். அப்பா பாதி ஆயுளைத் தாராபுரம் கோர்ட்டு வாசலில் கழித்தார். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாராபுரத்து லாரி டெக்ஸாஸுக்கு எப்படி ஐயா வரும்? கேபிள் மண்ணுக்குள் போகிறது. அதன் மேல் யார் வண்டி ஓட்டப் போகிறார்கள்?

"அது அப்படித்தானுங்க ஆரம்பிக்கும்" என்றார் அண்ணன். "இன்னைக்குக் கேபிள்ம்பான். நாளைக்கு ரிப்பேர்னு டிரக்கை உள்ள விடுவான். தடம் விட்டாப் போச்சு."

மாளவிகா ஆஸ்டினில் படிக்கிறாள். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். அம்மா போனில் விஷயத்தைச் சொன்னதும், "டாட், இட்ஸ் எ கேபிள். நாட் எ புல்லக் கார்ட்" என்றாளாம். அண்ணன் அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை.

வான்மதி அக்கா ஒரே ஒரு தடவை கேட்டார், தன் வேலைக்குத் தரைவழி கேபிள் வேண்டுமே என்று. அதற்கு அண்ணன் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார். மொபைல் இன்டர்நெட் பெட்டி. ஜன்னலோரம் வைத்தால் கோபுரத்திலிருந்து சிக்னல் பிடித்து வீடு முழுக்கக் கொடுக்கும். தோண்டவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். அந்த ஊர்க் கோபுரத்தில் இருக்கிற ரேடியோ தன் ஆபீஸில் தானே சோதித்து அனுப்பியது என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெட்டியிலிருந்து அக்காவின் லேப்டாப்புக்கு ஒரு முழ நீளத்துக்கு நீல ஒயரைச் செருகி, "பாரு, ஒயர் இருக்கா? இதுவும் ஒயர் கனெக்‌ஷன்தான்" என்றார். எல்.கே.ஜி. பிள்ளை கூட டீச்சரிடம் இப்படி ஏமாற்றாது.

சிராஜ் ஆபீஸில் மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெட்டி மோசம் என்று யாரும் சொல்லவில்லை. கேபிளே வராத ஊரில் அதுதான் தெய்வம். ஆனால் வாசல் வரை கேபிள் வந்து நிற்கிறபோது, நேரலையில் நோயாளியோடு பேசுகிற வேலைக்கு அதை நம்பலாமா? கோபுரம் எல்லாருக்கும் பொது. கூட்டம் சேர்ந்தால் கையில் இருக்கிற போனுக்கு முதல் பந்தி, வீட்டுப் பெட்டிக்குக் கடைசிப் பந்தி. இதைப் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதே அண்ணன்தான். அவருக்குத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தார். சங்கத்து ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் பின்பக்க ரோட்டைச் சுற்றிக் கொண்டுபோய் மற்ற எல்லாருக்கும் கேபிள் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

கோடைக்காலம் முழுக்கப் பெட்டி நன்றாகவே ஓடியது. அண்ணன் வேகத்தை அளந்து அளந்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பிறகு ஃபுட்பால் சீசன் வந்தது.

டெக்ஸாஸ் பட்டிக்காட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் ஹைஸ்கூல் ஃபுட்பால். ஊரே மைதானத்தில் இருக்கும், பக்கத்து ஊரும் வந்துவிடும். அத்தனை பேர் கையிலும் போன். கோபுரம் நிற்பது அந்த மைதானத்துக்குப் பின்னால்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்கு அழைப்பு வந்தது. எந்த மருத்துவமனை, யார் என்றெல்லாம் அக்கா இன்று வரை என்னிடம் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. வயசான ஒரு அம்மா, அவசரப் பிரிவு. பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். அக்கா கேட்டார். அந்த அம்மா, "பென்சிலின் எனக்கு ஒத்துக்" என்றார். அதோடு படம் உறைந்தது.

யோசித்துப் பாருங்கள். இங்கிலீஷில் இல்லை என்பது முன்னாலேயே வந்துவிடும். நம் தமிழில் ஆமாவும் இல்லையும் வார்த்தையின் வாலில் இருக்கிறது. ஒத்துக்கும் என்றாரா, ஒத்துக்காது என்றாரா? வாய் திறந்தபடி அந்த அம்மாவின் முகம் திரையில் நின்றது. டாக்டரின் குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது, யெஸ் ஆர் நோ, யெஸ் ஆர் நோ என்று. பதில் முழுசாகக் கேட்கவில்லை, நான் எதையும் சொல்ல முடியாது என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று தெரிவதற்குள் லைன் அறுந்துவிட்டது. நீல ஒயர் மட்டும் செருகியது செருகியபடி இருந்தது.

வேறு ஒருவரை அழைத்து வேலை நடந்துவிட்டது, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கம்பெனியில் விசாரித்துத் தெரிந்துகொள்ளும்வரை அக்கா சாப்பிடவில்லை. கம்பெனி மரியாதையாகவே சொன்னது. நவம்பர் கடைசியில் வருகிற தேங்க்ஸ்கிவிங்குக்குள் நிஜமான கேபிள் இணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் அழைப்பு தர மாட்டோம்.

அக்கா சங்கத்துக்குப் போன் போட்டார். தோண்டுகிற ஆட்கள் போய்விட்டார்கள், அடுத்த சுற்று வருகிற வருஷம்தான். லைன் இப்போது பின்பக்க ரோட்டில் ஓடுவதால், அப்போதும் கேபிள் பின்பக்கத்து டோனாவின் நிலம் வழியாகத்தான் இவர்கள் வீட்டுக்கு வர முடியும். அதற்கு டோனா கையெழுத்துப் போட வேண்டும். டோனா ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர், இரண்டு கழுதை வளர்க்கிறார். போய்க் கேட்டால் போதும்.

"நான் போயி அவிய கிட்டத் தடம் கேக்கோணுமா?" என்றார் அண்ணன்.

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினார். சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்றார். கம்பெனி லைனைச் சோதிக்கிற டெஸ்டே தப்பு என்றார். தேங்க்ஸ்கிவிங் வருவது மட்டும் நிற்கவில்லை. வான்மதி அக்கா எனக்குப் போன் பண்ணி, ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டார். தினமும் மூன்று மணி நேரம் காரில் போய்வரத் துணிந்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அந்த வேலை போச்சுன்னா நான் மறுபடியும் சும்மா உக்கோரோணும் ஷம்சாத். என்னால முடியாது" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அறை தயார் என்றேன். ஆனால் அவர் வரவில்லை. மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் டோனா கழுதைகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, அக்கா இந்தப் பக்கம் நின்று பேசியிருக்கிறார். நிலத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். டோனா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தன் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி, அந்த அறையைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டார். கம்பெனியும் ஒப்புக்கொண்டது.

ரோடு வழியாகப் போனால் டோனா வீடு ரொம்பச் சுற்று. வேலியை ஒட்டி நடந்தால் பக்கம். அக்கா தினமும் ஹெட்செட்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு நடந்தார். கடைசியில் முள்கம்பியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து நுழைவார். இரண்டு சுடிதார் கிழிந்தது. மூன்றாவது வாரம் டோனா யாரையும் கேட்காமல் கம்பியை வெட்டிச் சின்னதாக ஒரு கேட் வைத்துவிட்டார். அதைப் பார்த்த அன்றைக்கு அண்ணன், "பாத்தியா, வேலியை அறுத்துட்டா" என்று சிராஜுக்குப் போன் பண்ணினார். பொண்டாட்டி முள்கம்பிக்குள் நுழைந்து போனதை அவர் எங்களிடம் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனோம். மழை பெய்து புல் எங்கும் பச்சை. அண்ணன் வழக்கம்போல எல்லையைச் சுற்றிக் காட்டினார். மூன்று பக்கம் காட்டிவிட்டு, வெயில் ஏறுகிறது, உள்ளே போகலாம் என்றார். நாலாவது பக்கத்தை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். வேலியோரமாகப் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை ஒன்று கேட் வரைக்கும் போனது. சங்கத்து ஆள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட அதே பத்தடிக்குள் அது கிடந்தது. கேபிள் புதைத்திருந்தால் மேலே புல்லாவது இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபமும் வந்தது.

அந்தப் பாதையிலேயே நடந்து டோனா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்து, சாத்தியிருந்த கதவைக் காட்டினார். உள்ளே பேசுவது நோயாளியின் சொந்த விஷயம், தன் காதில் கூட விழக்கூடாது என்றுதான் ரேடியோ என்றார். யாருக்குத் தடம் விட்டால் ஆபத்து என்று அண்ணன் பயந்தாரோ, அந்த மனுஷி தன் வீட்டிலேயே வாசல் காத்துக்கொண்டிருந்தார்.

அக்கா வேலை முடித்து வெளியே வந்தார். முகம் தெளிவாக இருந்தது. ஹெட்செட் வைத்த இடத்தில் தலைமுடி படிந்திருந்தது. இருவரும் திரும்பி நடந்தபோது, பாதையில் நடப்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். நடப்பதில் கஷ்டமில்லை என்றார். "யாரும் கேக்காத லாரிக்குப் பயந்து பத்தடிக்குக் காவல் நின்னாரு. என்ற வேலை போயிரும்னு ஒரு நிமிஷம் பயப்படலியே கண்ணு. அதுதான் ஆறமாட்டேங்குது."

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணனின் லேப்டாப் பக்கத்திலேயே திறந்திருந்தது. ஆபீஸில் ஏதோ அவசரம், சனிக்கிழமையும் மீட்டிங். பேசிக்கொண்டிருந்த டைரக்டரின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது. அண்ணன் பெட்டியைத் தட்டினார், ஜன்னலில் திருப்பி வைத்தார். சிராஜ் தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், ரசம் கேட்கிற குரலில், "வான்மதி, அந்தச் சங்கத்துக்காரன் அடுத்த சுத்து வரானாமல்ல. டோனாகிட்ட நீயே ஒரு வார்த்தை கேட்டு வையேன். பத்தடி போதும்" என்றார்.

அக்கா அவர் தட்டில் ரசம் ஊற்றினார். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"தடந்தான் இருக்குதே மாமா. நீங்களே நடந்து போயிக் கேளுங்க."

சாயங்காலம் நாங்கள் கிளம்பியபோது அண்ணன் லேப்டாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார். பாதையில் நிற்கவில்லை, பக்கத்துப் புல்லில் நின்றிருந்தார். எங்கள் கார் ரோட்டில் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தக் கேட்டைத் திறக்கவில்லை.